ஸ்விட்ச் இல்லாமல், ரௌட்டர் இல்லாமல்: ஒரு கேபிள், இரண்டு கம்ப்யூட்டர்

"மாடிய சுத்தம் பண்றோம். ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரர் வர்றார். உன் பொட்டியப் போட்டுறவாப்பா?" என்று கொடைக்கானலிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். பதறிப்போய் பஸ் ஏறினேன்.

பொட்டி என்றால் 2000-ல் வாங்கிய டெஸ்க்டாப், பிறகு விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் கல்திட்டைகளைத் தேடி அலைந்த காலத்தில் எடுத்த படங்களும் குறிப்புகளும் அதில் மட்டும்தான் இருந்தன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் இந்தத் திட்டைகளைப் பற்றி எழுதிய நூல் 1928-ல் வந்தது. அதோடு ஒப்பிட்டு எழுதலாம் என்று சேர்த்து வைத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

ஆன் பண்ணினால் ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம். அதிக நேரம் தாங்காது. எடுக்கவேண்டியது சுமார் 30 ஜிபி. அதிலிருப்பது பழைய யுஎஸ்பி 1.1. நொடிக்கு 1 எம்பி போனாலே பெரிய விஷயம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல். நெட்வொர்க் கார்டு 100 எம்பிபிஎஸ். ஒழுங்காக ஓடினால் ஒரு மணி நேரத்தில் முடியும். ஆகவே லேப்டாப்பையும் அதையும் கேபிளால் நேரடியாக இணைப்பது என்று முடிவு செய்தேன்.

இதில் சிக்கல் வந்தால் கீழிருந்து மேலே போகணும். முதலில் கம்பி, அப்புறம் முகவரி, அப்புறம் ஃபயர்வால், கடைசியாகத்தான் ஷேரிங். ஒரு படி தேறாமல் அடுத்ததைத் தொட்டால் நேரம்தான் வீணாகும்.

1. விளக்கு எரிகிறதா?

கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு இருக்கும். எரியவில்லை என்றால் விண்டோஸில் எதை மாற்றியும் பயனில்லை. என் கேபிளில் கிளிப் உடைந்திருந்தது, லேசாகத் தொட்டாலே விளக்கு அணைந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் புதுசு வாங்கினேன்.

"கிராஸ்ஓவர் கேபிள் வேணுமே" என்று சிலர் சொல்வார்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 1, 2 பின்கள் பேசும்; 3, 6 பின்கள் கேட்கும். இரண்டு கம்ப்யூட்டரைச் சாதாரணக் கேபிளால் இணைத்தால் வாயோடு வாய், காதோடு காது. அதனால்தான் அந்தக் காலத்தில் கம்பிகளை மாற்றிப் போட்ட கேபிள் தேவைப்பட்டது. இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் பெரும்பாலும் இதைத் தானே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும் (ஆட்டோ எம்டிஐ-எக்ஸ்). ஒரு பக்கம் இந்த வசதி இருந்தாலே போதும்.

2. முகவரி

வீட்டில் ஐபி முகவரி கொடுப்பது ரௌட்டர். இங்கே ரௌட்டர் இல்லை. கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். இது பழுது இல்லை. இரண்டு பக்கமும் அப்படி வந்தால் அதிலேயே வேலை நடக்கும். நான் குழப்பம் வேண்டாம் என்று கையால் கொடுத்தேன்: ஒன்றுக்கு 192.168.10.1, இன்னொன்றுக்கு 192.168.10.2, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே காலி.

3. பிங் வரவில்லையா?

உடனே கேபிளைத் திட்ட வேண்டாம். அடையாளம் தெரியாத நெட்வொர்க்கை விண்டோஸ் 10 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு பிங்கைத் தடுக்கும். எக்ஸ்பி ஃபயர்வாலும் தடுக்கும். பிங் தோற்றதும் 'ஏஆர்பி மைனஸ் ஏ' கட்டளை கொடுத்துப் பாருங்கள். மறுபக்க ஐபிக்கு நேரே ஒரு மேக் முகவரி தெரிந்தால், கம்பியும் ஐபியும் சரி, குற்றவாளி ஃபயர்வால். நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, இரண்டு பக்கமும் ஃபைல் ஷேரிங்கை அனுமதித்தேன். பிங் வந்தது.

4. ஃபோல்டர் திறக்கவில்லையா?

எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய மொழி மட்டும். 2017-ல் வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் கடைசியில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதில்லை. நான் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, எஸ்எம்பி1 கிளையண்ட்டை மட்டும் தற்காலிகமாகச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடணும்.

5. எல்லாம் சரி, ஆனால் ஆமை வேகம்

இங்கேதான் நான் ஏமாந்தேன். பிங் பிசகாமல் வருது, காப்பியோ யுஎஸ்பியை விட மோசம். டிஸ்க்தான் போச்சு என்று நினைத்தேன். பழைய கார்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறந்தால், '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று யாரோ எப்போதோ நிலையாகப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் அந்தக் கார்டு மறுபக்கத்தோடு கலந்து பேசாது. லேப்டாப் வேகத்தை மட்டும் கண்டுபிடித்து, விதிப்படி 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' என்று எடுத்துக்கொள்ளும். ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பேசுகிறார், மற்றவர் குறுக்கே பேச்சு வந்தால் மோதல் என்று நிறுத்தித் திரும்பத் தொடங்குகிறார். பிங் சின்னது, தப்பிவிடும். பெரிய ஃபைல் மாட்டும். 'ஆட்டோ' என்று மாற்றியதும் வேகம் வந்துவிட்டது.

சாகப்போகும் டிஸ்க் என்றால் இன்னொன்று: முக்கியமானதை முதலில் எடுங்கள். நான் குறிப்புகளை முதலில் எடுத்தேன், அப்புறம் படங்கள். கடைசி ஃபோல்டரில் சில படங்கள் திறக்கவே இல்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரும்புக்காரர் வந்தபோது பொட்டியைக் கொடுத்துவிட்டேன். டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். சித்தப்பா சிரித்தார்.