துருவுக்கு இரண்டு ஆண்டு போதாது

இரும்புலியூரில் எங்கள் தெருவில் இயந்திரவியலில் பிஎச்.டி. செய்யும் தம்பி ஒருவர் இருக்கிறார். உலோகப் பூச்சுகளின் தேய்மானமும் அரிமானமும் அவர் ஆய்வு. போன வாரம் கேட்டார்: “அண்ணா, பேப்பரை எந்த ஜர்னலுக்கு அனுப்புறது? இம்பாக்ட் ஃபேக்டர் பார்த்து அனுப்புன்னு கைடு சொல்றார்.” அந்த எண் எப்படி வருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கு எளிதுதான். ஓர் ஆய்விதழ் 2022, 2023 இரண்டு ஆண்டும் சேர்த்து 200 கட்டுரைகள் வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2024இல் வந்த கட்டுரைகள் அந்த இருநூறையும் மொத்தம் 900 முறை மேற்கோள் காட்டின. 900ஐ 200ஆல் வகுத்தால் 4.5. இதுதான் அந்த இதழின் 2024ஆம் ஆண்டுத் தாக்கக் காரணி, அதாவது இம்பாக்ட் ஃபேக்டர். மேற்கோள்களை அட்டவணையாக்கும் யோசனையை 1955இல் முன்வைத்த அமெரிக்கர் யூஜீன் கார்ஃபீல்டின் வழியில் வந்த கணக்கு இது. எந்த இதழை வாங்கலாம் என்று நூலகங்கள் முடிவெடுக்க உதவியது. ஆளை எடைபோட வந்ததல்ல.

4.5 என்பது சராசரி. ஒரே ஒரு தொகுப்புரைக் கட்டுரை 300 மேற்கோள் வாங்கியிருக்கலாம். ஐம்பது கட்டுரைகளை ஒருவரும் சீண்டாமலே விட்டிருக்கலாம்.

துருவைப் படிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் அந்த இரண்டு ஆண்டு வரம்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் நாட்டில் 10 இடங்களில் மென் எஃகு, துத்தநாகம், துத்தநாகம் பூசிய இரும்பு (ஜிஐ), அலுமினியத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்தார்கள். எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுதிய கட்டுரை 2006இல் ‘கரோஷன் சயன்ஸ்’ இதழில் வந்தது. அதை 2007, 2008இல் மேற்கோள் காட்டினால்தான் இதழின் இரண்டாண்டுக் கணக்கில் சேரும். அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் தகட்டை உப்புக்காற்றில் தொங்கவிட்டு, மூன்று மழைக்காலம் பொறுத்து எழுதினால், அந்த மேற்கோள் கணக்கில் வராது. மெதுவாக நடக்கும் வேலையை அவசரக் கடிகாரத்தால் அளப்பது அநியாயம் என்றே நான் சொல்வேன்.

இதற்கு மாற்றும் உண்டு. ஐந்தாண்டுத் தாக்கக் காரணி இருக்கிறது. ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் சைட்ஸ்கோர் நான்கு ஆண்டுகளைப் பார்க்கிறது. ‘மேற்கோள் அரை ஆயுள்’ என்றும் ஒன்று உண்டு: ஓர் இதழுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களில் பாதி, எத்தனை ஆண்டுக்கு உட்பட்ட கட்டுரைகளுக்குப் போயிருக்கின்றன என்று சொல்வது. அது நீண்டிருந்தால், பழைய கட்டுரைகளையும் இன்னும் எடுத்துப் படிக்கிறார்கள் என்று பொருள். தேய்மானம், அரிமானத் துறையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த தன் ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. இதழைச் சோதிக்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் மாணவர்களிடமும் வந்திருக்கிறது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்பு என்று மின்னஞ்சல் வரும். கூடவே ஒரு ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ எண்ணும் போட்டிருக்கும். தாக்கக் காரணியைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இதழ் அறிக்கையில் அந்த எண் இல்லையென்றால் அது போலி.

தம்பி, உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நீங்களே போட்டிருக்கும் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1957இல் தொடங்கிய ‘வேர்’ (Wear) இதழ் அதில் எத்தனை முறை வருகிறது, 1961இல் தொடங்கிய ‘கரோஷன் சயன்ஸ்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எது அதிகமோ, முதலில் அங்கே அனுப்புங்கள்.