பல்லுக்கும் ஒரு கவசம் தேவை

சுங்கை வே வட்டாரத் திடல்களில் காற்பந்தும் ஹாக்கியும் விளையாடும் பிள்ளைகளுக்குக் காலுறையும் காலணியும் வாங்கித் தரும் பெற்றோர், பல்லுக்கான கவசத்தைப் பற்றி யோசிப்பது குறைவு. பந்தோ மட்டையோ முழங்கையோ முகத்தில் பட்டால் பெரும்பாலும் அடிபடுவது மேல்வரிசை முன்பற்கள்தான். ஏழெட்டு வயதில் முளைக்கும் அந்த நிலைப்பற்கள் விழுந்தால் மீண்டும் முளைக்காது.

‘மவுத் கார்டு’ எனப்படும் பல்லுறை, அடியின் வேகத்தை ஒரே பல்லில் இறங்கவிடாமல் பரவச் செய்கிறது. உதடும் கன்னமும் பல்லில் குத்திக் கிழியாமலும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதாமலும் தடுக்கிறது.

பல்லுறை அணியாதவர்களுக்கு வாய், பல் காயம் ஏற்படும் ஆபத்து 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம் என்று 2007-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. நியூசிலாந்தில் ரக்பி ஆட்டக்காரர்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்ட காலக்கட்டத்தில், 1995-க்கும் 2003-க்கும் இடையே, ரக்பியால் வந்த பல் காய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 விழுக்காடு குறைந்தன. ஆனால், தலையில் அடிபட்டு மூளை அதிர்வதை இது தடுக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பல்லுறை மூன்று வகைப்படும். வாங்கியவுடன் அப்படியே அணிவது மலிவு. ஆனால் சரியாகப் பொருந்தாது. சுடுநீரில் இளக்கிக் கடித்துப் பதிப்பது அதைவிட மேல். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவதே சிறந்தது, விலையும் அதிகம். எதுவாயினும், பேசும்போது கழன்று விழுந்தால் அது பாதுகாப்பு தராது. பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் பல்லுறை உருமாறிவிடும். பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும்.

அப்படியும் பல் விழுந்துவிட்டால்? வேரைத் தொடாமல், வெண்மையான மேல்பகுதியைப் பிடித்து எடுக்கவும். அழுக்கு இருந்தால் தேய்க்காமல் லேசாக அலசி, உடனே அதே குழியில் பொருத்தவும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு பல் மருத்துவரிடம் விரையவும். தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் அல்ல, சாதாரணப் பால். பால்பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக்கூடாது. அரை மணி நேரத்திற்குள் சென்றால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.