மெட்டுக்கிடையே வாழும் இசை
மாற்றியமைத்த மின்கித்தார் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நுவரெலியா, அட்டன் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களிற் காமன் கூத்து நிகழுங்காலத்து, ஆட்டம் தொடங்குமுன் தப்புக் கலைஞர் வைக்கோலோ சருகோ இட்டுத் தீ மூட்டித் தம் கருவியின் தோலைக் காய்ச்சுவர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனியும் ஈரமும் தோலைத் தளர்த்திவிடுகின்றன. தளர்ந்த தோலிலிருந்து தெளிந்த ஒலி பிறவாது. எனவே கலைஞர் ஒரு முறை காய்ச்சியதோடமையாது, இரவு முழுவதும் இடையிடையே தீயருகே சென்று மீண்டும் காய்ச்சுவர். இதனைக் கருவியைக் கெடுத்தல் என்று எவருங் கூறார். ஆனால், இளைஞனொருவன் தன் மின்கித்தாரின் மெட்டுக்களுக்கிடையேயுள்ள மரத்தைச் செதுக்கினாலோ, கம்பிகளுக்கடியில் இரும்புக்கோலொன்றைச் செருகினாலோ, நல்ல கருவியைப் பாழாக்கிவிட்டான் என்று மூத்தோர் வருந்துவர். இவ்விரு செயல்களுக்குமிடையே வேறுபாடு உண்டோ? உண்டாயின் அது யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாம்.

முதற்கண் மின்கித்தாரின் இயல்பைச் சிறிது நோக்குவாம். சாதாரணக் கித்தாரிற் கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மெல்லிய மரப்பலகைக்குச் செல்ல, அப்பலகையும் பெட்டியினுள்ளிருக்கும் காற்றும் அதிர்ந்து ஒலியைப் பெருக்குகின்றன. மின்கித்தாரிற் பெட்டிக்குப் பதிலாகத் திண்மையான கட்டையே உண்டு. கம்பிகளின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பியாற் பல்லாயிரஞ் சுற்றுக்களாகச் சுற்றிய சுருளும் அமைந்திருக்கும். உருக்குக் கம்பி அதிருங்கால் காந்தப்புலம் மாறுபட, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. அதனையே ஒலிபெருக்கி பேரொலியாக்கித் தருகின்றது. நைலோன் கம்பி பூட்டிய கித்தாரில் இச்சுருளைப் பொருத்தினாற் பயனில்லை என்பதை மாணாக்கர் இதிலிருந்தே உய்த்துணரலாம்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் போசாம், அடொல்ப் றிக்கன்பாக்கர் ஆகியோர் 1930களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொணர்ந்த முதல் மின்கித்தார் மடியிற் கிடத்தி உருக்குக் கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கப்பெற்றது. அதன் உருவங் கண்டோர் அதனைப் பொரிக்குஞ் சட்டி என்றே அழைத்தனர். மெட்டுக்களின்றி வழுகட்டையால் வாசிக்கப்பெறும் கோட்டுவாத்தியத்தை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று.

இனி, இடர்ப்பாடு எங்கே எழுகின்றது என்பதைக் காண்போம். கித்தாரின் மெட்டுக்கள் ஒரு தாயியைப் பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல, மீடிறன், அஃதாவது கம்பி ஒரு செக்கனில் அதிரும் தடவை, 1.0595 மடங்காகும். 648 மில்லிமீற்றர் நீளமுள்ள கம்பியில் முதல் மெட்டு தலைப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 36 மில்லிமீற்றர் தூரத்திலும், பன்னிரண்டாம் மெட்டு நேர்நடுவில் 324 மில்லிமீற்றரிலும் அமையும். மேலைநாட்டு இசைக்கு இவ்வொழுங்கு பொருத்தமானது. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் அவ்விசை, ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாது நிற்பதையே வேண்டுகின்றது. நம் இசையோ சுரங்கள் நிற்குமிடத்தில் மட்டும் வாழ்வதன்று. தோடியின் காந்தாரத்தை அசைக்காது ஒரே நிலையில் ஒலித்துப் பாருங்கள். அங்கே தோடி இராது. சுரத்துக்குச் சுரம் செல்லும் வழியும், செல்லும்போது ஏற்படும் அசைவுமே இராகத்தின் உயிர். மெட்டுக்கிடையே உள்ள இவ்விடத்தைத் தச்சன் மரத்தால் அடைத்துவைத்திருக்கின்றான்.

கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒலி ஏறுமன்றோ எனச் சிலர் வினவலாம். ஏறும், ஆனால் அதற்கும் விலையுண்டு. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாதலின், ஓர் அரைச்சுரம் ஏற்றுதற்கு இழுவையை ஏறத்தாழ 12 விழுக்காடு கூட்டல் வேண்டும். முழுச்சுரத்துக்கு 26 விழுக்காடும், நான்கு அரைச்சுரங்களுக்கு 59 விழுக்காடுமாக அது விரைந்து பெருகுகின்றது. அவ்வளவு வலிந்திழுக்கும்போது விரல் மரத்தில் உராய்ந்து தடைப்படும். வீணையில் இத்தொல்லை குறைவு. அதன் மெட்டுக்கள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்றலால் கம்பியின் கீழே வெற்றிடமே இருக்கின்றது.

அவ்வீணைதானும் மாற்றமின்றி வந்ததோ? 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திலேதான் 24 மெட்டுக்களும் நிலையாக அமைக்கப்பெற்றன என்பது மரபு. அதற்கு முன்னர் இராகத்துக்கேற்ப மெட்டுக்களை நகர்த்தி வைத்தனர். பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) மேலைநாட்டு வயலினைக் கற்று நம் இசைக்கு இசைவித்தபோது, மரத்தில் ஓர் உளியும் படவில்லை. கம்பிகளின் சுருதியும், கருவியைப் பிடித்து அமரும் நிலையுமே காலப்போக்கில் மாறின. இன்று வயலினின்றிக் கச்சேரி இல்லை. ஆகவே, பிறர் கருவியை நம் பாட்டுக்கு வளைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமான தொழிலேயாம்.

மின்கித்தாரின் உறவுக் கருவியொன்றில் இத்தொழிலை முற்றச் செய்துகாட்டியவர் உ. ஸ்ரீநிவாஸ். ஆந்திர நாட்டுப் பாலகொல்லுவில் 1969இற் பிறந்த இவர், ஒன்பதாம் வயதில், 1978இல், குடிவாடாவில் நிகழ்ந்த தியாகராச ஆராதனையில் மாண்டலின் வாசித்து அரங்கேறினார். மரபுவழி மாண்டலினில் இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள் உண்டு. இணைக்கம்பிகளை ஒருங்கே இழுத்தால் இரண்டும் ஒரே அளவாக ஏறா, சுருதி பிசகும். கம்பிகளோ குறுகியவை, ஒலி பிறந்தவுடன் மறையும். எனவே கமகம் தொடங்குமுன்னரே நாதம் முடிந்துவிடும். ஸ்ரீநிவாஸ் இணைகளை நீக்கி, ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய மின்மாண்டலினைக் கைக்கொண்டார். ஒற்றைக் கம்பியாதலின் இழுப்பு தடையின்றி அமைந்தது. ஐந்தாங் கம்பியால் மந்திரத்தாயி விரிந்தது. மின்விசையால், தேய்ந்து செல்லும் நாதத்தின் வாலுங்கூட அவையோரின் செவிக்கு எட்டியது. இம்மூன்றில் எதனையும் அலங்காரமென்று கூறமுடியாது. ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கு விடையாக நிற்கின்றது. மாண்டலினிற் கருநாடக இசையா என நகைத்தோர், அவருடைய இராக ஆலாபனையைக் கேட்டபின் வாய் திறந்திலர். 2014ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 45 வயதில் அவர் மறைந்தமை நம் இசையுலகுக்குப் பேரிழப்பு.

ஆங்கிலேயரான ஜோன் மக்லொக்லின் வேறு வழி சென்றார். கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்ற அவர், வீணையில் விரலுக்குக் கிடைக்கும் வெற்றிடத்தைக் கித்தாரிலும் வேண்டினார். 1970களில் எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் அமைத்த சக்தி குழுவுக்காக, ஏபிரகாம் வெக்டர் என்னுங் கைவினைஞர் அவருக்கொரு கித்தார் செய்துகொடுத்தார். அதில் மெட்டுக்கிடையேயுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. முதன்மைக் கம்பிகளின் கீழே குறுக்காக ஏழு பரிவுக் கம்பிகளும் ஓடின. அக்கருவி மின்கித்தாரன்று. எனினும், செதுக்கிய பலகையின் பயனையுணர்ந்த அவர், பின்னர் மின்கித்தாரிலும் அதனைக் கையாண்டார். வடநாட்டில் விசுவ மோகன் பட் கித்தாரை மடியிற் கிடத்தி, 12 பரிவுக் கம்பிகள் சேர்த்து மோகன வீணையாக்கினார். அவர் மெட்டுக்களோடு போராடவில்லை. வழுகட்டையால் அவற்றின் மேலே கடந்து சென்றுவிட்டார். சென்னையில் சுகுமார் பிரசாத், அவருக்குப் பின் ஆர். பிரசன்னா ஆகியோரோ மின்கித்தாரிலேயே கருநாடக இசையை வாசித்தனர். தொழில்நுட்பக் கழகத்திற் கப்பற் பொறியியல் கற்ற பிரசன்னா, அமெரிக்கக் கித்தார் வித்தகர் ஜிமி ஹென்றிக்ஸின் நினைவாக 2006இல் வெளியிட்ட இசைத்தட்டில் நம் தாளக்கருவிகளைச் சேர்த்துச் சோதனை செய்தமை குறிப்பிடத்தக்கது.

மேலைநாட்டிற் சோதனை இசைவாணர் சென்ற வழி இதற்கு மாறுபட்டது. சிலர் மெட்டுக்களையே ஐயுற்றனர். அமெரிக்கரான ஹரி பார்ட்ச் ஒரு தாயியை 43 படிகளாகப் பகுத்து, அதற்கிசையக் கித்தாரையும் பிற கருவிகளையும் மாற்றியமைத்தார். வேறு சிலர் சுரத்தையே கைவிட்டு நாதத்தின் நிறத்தை நாடினர். 1965இல் இலண்டனிற் தோன்றிய ஏ.எம்.எம். குழுவைச் சேர்ந்த கீத் றோ, கித்தாரை மேசைமேற் கிடத்தி, உலோகப் பொருள்களாலும் வானொலிப் பெட்டியாலும் ஒலியெழுப்பினார். ஒல்லாந்தரான யூரி லாண்ட்மன் 2006இற் செய்த மூட்சுவிங்கர் என்னும் பன்னிரு கம்பிக் கருவியில், நடுவே மேலதிகமாக ஒரு கோல் குதிரைபோல் நிற்கின்றது. கோலின் ஒரு பக்கத்தே மீட்டினால் மறுபக்கக் கம்பி பரிவால் அதிர்கின்றது. கம்பியின் நீளத்தில் மூன்றிலொன்று, நான்கிலொன்று போன்ற எளிய பின்னங்களிற் கோல் நின்றால் இரு பக்க ஒலிகளும் இணங்கி மணிபோல் ஒலிக்கும். பிற இடங்களிற் கலங்கிய ஒலியே எழும்.

இவற்றைக் கேட்டு முகஞ்சுளிப்போர் நம் தம்புராவைச் சற்று உற்றுநோக்குவாராக. நான்கு கம்பிகளுக்கும் குதிரைக்குமிடையே பருத்தி நூலொன்று செருகப்பட்டிருக்கும். அதற்கு ஜீவாளி என்று பெயர். நூலை நகர்த்தி உரிய இடத்தில் நிறுத்தியதும், மங்கியிருந்த கம்பி ரீங்காரமிட்டுப் பல மேற்சுரங்களைச் சொரிகின்றது. கம்பிக்கடியில் அயற்பொருளைச் செருகி நாதத்தின் நிறத்தை மாற்றும் கலை நம் முன்னோர் அறிந்ததே. அவர்கள் அதற்கு உயிர் என்ற பொருளிற் பெயரும் இட்டனர். எனினும் அயலார் செய்யும் சோதனையெல்லாம் சிறந்ததென்று யான் கொள்ளேன். புதுமை ஒன்றையே பொருளாகக் கொண்டு எழுப்பும் ஓசை, கேட்போரை விரைவிற் களைப்படையச் செய்கின்றது. மாற்றம் எவ்வினாவுக்கு விடையாக வந்தது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலால் நோக்கின் தப்பைத் தீயிற் காய்ச்சுவோனும் மெட்டுக்கிடை மரத்தைச் செதுக்குவோனும் ஓரினத்தவரே.

மலைநாட்டுக்கு இவ்விசாரணை வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று. கித்தார் ஈழத்துத் தமிழரின் செவியில் நிலைத்தது 1970களிலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய பொப்பிசையாலேயாம். தோட்டங்களுக்கு அவ்வொலியைக் கொண்டுவந்தது வானொலி. மின்கித்தாருக்கு மின்சாரம் வேண்டும். அட்டனுக்கு அண்மையிலுள்ள லக்சபான நீர்மின்நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. மலையின் நீர் வீழ்ந்து பிறந்த மின்சாரம் கொழும்புக்குச் சென்றது. நீர்த்தேக்கங்களை நோக்கி நின்ற லயங்களிலோ அதன்பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. தோட்டத்து இளைஞன் கையில் மின்கருவி காலந்தாழ்த்தி வந்தமைக்கு அவனுடைய விருப்பமின்மை காரணமன்று.

அவனிடம் இசைச் செல்வம் இல்லையென்று எண்ணுவதுந் தவறு. மடக்கொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டமக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தளித்தார். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இன்றும் பாடப்படுகின்றன. இப்பாடல்களுக்குச் சுருதிப்பெட்டி இல்லை. பாடுவோர் தத்தம் குரலுக்கேற்ற ஆதாரத்தைத் தாமே கொள்வர். ஒப்பாரியின் இழுப்பும் குழைவும் பன்னிரண்டு படிகளுள் அடங்கா. அதற்குக் கித்தாரிற் பக்கம் வாசிக்க முனைவோர் பெரும்பாலும் மேலைநாட்டுக் கோர்வைச் சுரங்களை அடுக்கிவிடுகின்றனர். அவ்வடுக்கு ஒப்பாரியின் குழைவை நசுக்கி, அதனைத் திரைப்பாட்டுப்போல் ஆக்கிவிடுகின்றது. தப்பைச் சாவு வீட்டுக் கருவியென்றும், இழிந்தோர் தொழிலென்றும் ஒதுக்கிய அதே மனப்பாங்கு, ஒப்பாரியை மேடையேற்றும்போதும் அதற்கு அயலுடை அணிவிக்க முயல்கின்றது என்பது என் துணிபு.

ஆர்வமுள்ள மாணவர் உளியை எடுப்பதற்கு முன் வயலின் சென்ற வழியை மேற்கொள்ளலாம். மெட்டுக்களை முற்றாகக் களைந்துவிடுவோரும் உளர். ஆனால் உலோக மெட்டுக்குப் பதிலாக விரலின் தசை கம்பியைத் தாங்கும்போது ஒலி விரைவில் அவிந்துவிடும். மேலும், ஒருமுறை களைந்ததை மீண்டும் பொருத்துதல் எளிதன்று. சுருதியை மாற்றுதற்கோ செலவில்லை. கித்தாரின் ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என வழக்கமாகக் கூட்டப்பெறும். இரண்டு ஈ கம்பிகளையும் டி ஆகவும், பி கம்பியை ஏ ஆகவும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கி, ஜி கம்பியை மாத்திரம் ஏ ஆக ஒரு முழுச்சுரம் ஏற்றினால், ச, ப, ச, ப, ப, ச என ஆதாரமும் பஞ்சமமுமே எஞ்சும். காந்தாரம் ஒழிந்தமையால் கோர்வைச் சுரம் தானாக எழாது. கீழ்க்கம்பிகள் தம்புராப்போல் நிற்க, மேற்கம்பியில் பாடலின் குழைவைத் தேடலாம். இறக்கிய கம்பிகள் தளர்ந்திருத்தலால் இழுப்பும் எளிதாகும். பாடுவோரின் குரல் உயர்ந்ததாயின் கழுத்துப்பலகையிற் கவ்வியைப் பூட்டி ஆதாரத்தை மேலேற்றிக்கொள்ளலாம். ஜி கம்பியை ஏற்றும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். முழுச்சுரம் ஏற்றுதல் முற்கூறியவாறு 26 விழுக்காட்டு இழுவையாதலின், மலைநாட்டு ஈரத்தில் துருவேறிய பழங்கம்பி அறுந்துபோதல் கூடும். சிறிது மெல்லிய புதுக்கம்பியை அவ்விடத்திற் பூட்டி, முகத்தை விலக்கிக்கொண்டு பிரடையைத் திருகுதல் நன்று.