பழைய இருக்கையில் புதுச் சாயம் பிடிக்குமா?

காரின் வெளிப்புறத்துக்கு வண்ணம் அடிப்பது ஊர்தோறும் பட்டறைகளில் வேரூன்றிவிட்ட தொழில். ஆனால் உள்ளே இருக்கும் இருக்கைகள், கதவுப் பலகைகள், டேஷ்போர்டு ஆகியவற்றின் நிறத்தை மாற்றுவது இன்னும் பலருக்குப் பிடிபடாத வேலையாகவே இருக்கிறது. வெளிப்புறம் பெரும்பாலும் அசையாத தகடு. உட்புறமோ தோல், ரெக்சின், துணி, பலவகைப் பிளாஸ்டிக் எனத் தன்மையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பொருள்களின் தொகுப்பு. அவை மனித உடலின் எடையில் மடங்கி, வியர்வையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நாள்தோறும் உரசப்பட்டுக்கொண்டே இருப்பவை. அதனால் ஒரு புட்டிச் சாயத்தை வாங்கி எல்லாவற்றின்மீதும் அடித்துவிட முடியும் என்ற எண்ணத்தோடு தொடங்கும் வேலை சில மாதங்களிலேயே செதில் செதிலாக உரிந்து, இருந்த நிலையைவிட மோசமாக முடிகிறது. சாயத்தின் விலையோ தரமோ இதில் இரண்டாம் இடம்தான். சாயம் தொடும் முன்பு அந்தப் பரப்பிலிருந்து எதை நீக்கினார்கள் என்பதே வேலையின் ஆயுளை முடிவு செய்கிறது.

இந்த வேலைக்கான தேவை பழைய வண்டிகளில்தான் அதிகம் எழுகிறது. வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பான பேஜ் நிற உட்புறத்தோடு வந்த கார் இரண்டாம் கைக்கு மாறும்போது, இருக்கைகள் அழுக்கேறிச் சாம்பல் பூத்திருக்கின்றன. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கிடைத்த கதவுப் பலகை நல்ல நிலையில் இருந்தும், அது கருப்பாகவும் வண்டியின் மற்றப் பகுதிகள் பேஜாகவும் இருப்பதால் பொருந்தாமல் நிற்கிறது. புதிதாக உறை தைத்துப் போடுவது ஒரு வழி; நல்ல தையலோடும் உறுதியோடும் இருக்கும் பழைய உறையின் நிறத்தை மட்டும் மாற்றுவது மற்றொரு வழி.

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சாயம் என்றே சொன்னாலும், நிறம் ஏற்றும் பொருள்கள் இரு வகைப்படும். சாயம் என்பது நீரிலோ கரைப்பானிலோ கரைந்து, இழைக்குள் ஊடுருவி அங்கேயே தங்குவது. வெள்ளை வேட்டியில் மஞ்சள் நீர் பட்டால் கறை இழைக்குள் இறங்குவதைப் போன்றது. நிறமி என்பது கரையாத நுண்துகள்; அதற்குத் தானாக ஒட்டும் திறன் கிடையாது என்பதால், அதைப் பரப்போடு பிணைத்து வைக்க அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் போன்ற ஒரு பிசின் தேவைப்படுகிறது. சாயத்தால் வெளிரிய பொருளைக் கருமையாக்க முடியுமே தவிர, கரிய பொருளை வெளிரச் செய்ய முடியாது. நிறமிக்கு அந்தத் தடை இல்லை, ஏனெனில் அது கீழிருப்பதை மறைத்துவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டும் புதிதல்ல. பதனிட்ட தோல் முதலில் பெரிய மர உருளைக்குள் சாயநீரோடு சுழற்றப்பட்டு உள்ளுக்குள் நிறம் பெறுகிறது. பிறகு அதன்மேல் நிறமியும் பிசினும் கலந்த பூச்சும், அதற்கு மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் தரப்படுகின்றன. கார் இருக்கைக்கான தோல், வெயிலையும் உரசலையும் தாங்க வேண்டியிருப்பதால், ஏறக்குறைய எப்போதுமே இப்படிப் பூச்சு பெற்றதாகவே இருக்கும். தோல் என்ற பெயரோடு விற்கப்படும் பொருளில் இந்தப் பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிர்ணயம். நடைமுறையில் அது இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. ஆகவே இருக்கையில் அமர்பவர் தொடுவது தோலை அல்ல, அதன்மேல் படிந்த அந்த மெல்லிய ஏட்டைத்தான். பழைய தோல் இருக்கையின் நிறத்தை மாற்றுவதும் அந்த ஏட்டைப் புதுப்பிக்கும் வேலைதான்.

ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க விளிம்புத் திண்டைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். வண்டியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடையும் இடுப்பும் அந்த இடத்தில்தான் உராய்கின்றன. அங்கே முதலில் பளபளப்பு போகிறது, பிறகு முடிக்கோடு போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன, அதன்பின் நிறமிப் பூச்சு தேய்ந்து, உள்ளிருக்கும் நீலம் கலந்த சாம்பலோ பழுப்போ எட்டிப்பார்க்கிறது. அந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உறிஞ்சப்பட்டுக் கருமையாகப் பரவும். ஓர் அங்குலம் தள்ளி, பூச்சு தேயாத இடத்தில் விட்ட சொட்டு உருண்டையாக நிற்கும். ஒரே இருக்கையில் இப்படி இரு வகைப் பரப்பு இருப்பதை அறியாமல் நிறம் அடித்தால், தேய்ந்த இடம் திட்டாகத் தனித்துத் தெரியும். வெடிப்புகளைத் தோலுக்கான நெகிழும் நிரப்பியால் அடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, முழுப் பரப்பையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பிறகே நிறத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

அதற்கும் முன்பு செய்ய வேண்டியது சுத்தம் செய்தல். இதைச் சோப்பு நீரால் ஒருமுறை துடைப்பதோடு முடித்துக்கொள்வதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். உட்புறத்தைப் பளபளக்க வைப்பதற்காக ஆண்டுக்கணக்கில் தடவப்படும் பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத படலமாகத் தங்கி, மேலே விழும் வண்ணத்தை விலக்கித் தள்ளி, மீன் கண் போன்ற வட்டக் குழிகளை உண்டாக்குகிறது. அந்தப் படலத்தை நீக்கும் கரைப்பானையோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைக்கும்போது, முதல் துணி கருத்துவிடும், இரண்டாவது துணியில் இருக்கையின் பழைய நிறமே இலேசாக ஏறும். பழைய காப்புப் பூச்சு இளகிப் புதுப் பூச்சைப் பற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தையல் மடிப்புகளுக்குள் மென்மையான தூரிகை செல்லாவிட்டால் முதல் உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும்.

நிறம் பூசுவதில் பொறுமையைத் தவிரப் பெரிய மறைபொருள் எதுவும் இல்லை. ஒரு தடித்த பூச்சுக்குப் பதிலாக நான்கைந்து மெல்லிய பூச்சுகளை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்ததாக, ஸ்ப்ரே கன்னால் தூவ வேண்டும். தடித்த படலம் மடங்கும்போது வெடிக்கும், மெல்லிய படலம் தோலோடு சேர்ந்து மடங்கும். காற்றோட்டத்துக்காக நுண்துளை இடப்பட்ட இருக்கைகளில் துளைகள் அடைபடாமல் இருக்க இன்னும் மெலிதாகத் தூவ வேண்டியிருக்கும். கடைசியில் வரும் காப்புப் பூச்சுதான் உரசலைத் தாங்குகிறது என்பதால் அதில் சிக்கனம் கூடாது. இரு பகுதிகளாக வந்து கலக்கப்படும் பாலியூரித்தேன் பூச்சுகளின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கக்கூடும். அதன் ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. சாதாரணத் துணி முகமூடியோடு பட்டறைகளில் இதைத் தெளிக்கும் தொழிலாளர்களின் நலம் பற்றி வண்டியின் உரிமையாளரும் கவலைப்பட வேண்டும்.

ரெக்சின் என்பது முதலில், துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசி இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு செயற்கைத் தோலின் வணிகப் பெயர். இன்று தமிழில் எல்லாச் செயற்கைத் தோலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தற்போதைய ரெக்சின் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இயல்பில் விறைப்பான பிவிசியை மென்மையாக்கும் வழியை 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் கண்டறிந்தார். எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகளை அதில் கலப்பதே அவ்வழி. அந்த நெகிழ்வூட்டி ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால்தான் பழைய ரெக்சின் ஒருபுறம் பிசுபிசுக்கிறது, மறுபுறம் விறைத்து வெடிக்கிறது. பிசுபிசுப்பைத் துடைத்தெடுத்து, ரெக்சினுக்கென்றே செய்யப்பட்ட பூச்சைப் பயன்படுத்தினால், அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பை இலேசாக இளக்கிப் பூச்சை அதற்குள் பதியவைக்கிறது. ஏற்கெனவே விறைத்துப் பிளந்துவிட்ட ரெக்சினை எந்த நிறமும் காப்பாற்றாது. அதற்கு உறை மாற்றுவதே முறை.

பிளாஸ்டிக் பாகங்களில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு பாகத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், ஐஎஸ்ஓ 11469 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி, இரு கோண அடையாளங்களுக்கு நடுவே அது எந்தப் பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் கவலையில்லை. கரைப்பான் அதை இலேசாகக் கடித்துப் பிடிக்கும். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், என்றிருந்தால் வண்ணம் தாமரை இலைத் தண்ணீராகத்தான் நிற்கும். ஒரு திரவம் ஒரு பரப்பில் படர்ந்து ஒட்ட வேண்டுமானால், அந்தப் பரப்பின் ஈர்க்கும் ஆற்றல் திரவத்தின் இழுவிசையைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீரின் இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பாலிபுரோப்பிலீனின் ஆற்றலோ ஏறக்குறைய 30தான். அதனால்தான் குளோரின் சேர்த்த பாலியோலிஃபின் கொண்ட தனிப் பிரைமரை முதலில் அடித்து, வண்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு பாலம் அமைக்கிறார்கள். அந்தப் பிரைமர் இல்லாத வண்ணத்தை நகத்தால் கீறினாலே தோலுரித்த வாழைப்பழம் போலக் கையோடு வந்துவிடும்.

துணி இருக்கைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை பெரும்பாலும் பாலியெஸ்டர். ஆலையில் அதற்கு ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தக் கலனுக்குள் சாயம் ஏற்றுகிறார்கள், அதை வண்டிக்குள் வைத்துச் செய்ய வழியே இல்லை. மேலே தெளிக்கும் துணி வண்ணங்கள் இழையை விறைப்பாக்கிவிடும். உட்கூரைத் துணியைப் பொறுத்தவரை, கரைப்பான் உள்ளே இறங்கி அதன் பின்புறப் பசையை இளக்கினால் கூரை தொங்கத் தொடங்கிவிடும்.

எந்த நிறத்துக்கு மாற்றுவது என்பதில் அழகோடு வெயிலும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்ட கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸையும், ஸ்டியரிங் 53 டிகிரியையும், இருக்கை 51 டிகிரியையும் எட்டின. சித்திரை வெயிலில் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துபவர் பேஜ் இருக்கையைக் கருப்பாக்கும்போது, அழுக்கு மறைவதோடு சூடும் கூடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். டேஷ்போர்டின் மேற்பகுதி மட்டும் இதற்கு விலக்கு: அதை வெளிர் நிறத்திலோ பளபளப்பாகவோ மாற்றினால் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து எதிரே வரும் வாகனத்தை மறைக்கும், ஆகவே அங்கே மங்கலான கருநிறமே பொருத்தம். கருப்பை வெளிராக மாற்றுவது நிறமியால் முடியும் என்றாலும், ஒவ்வொரு கீறலிலும் அடியிலிருக்கும் கருப்பு கோடாகத் தெரியும் என்பதால் அது அறிவுடைய தேர்வு அல்ல.

எக்காரணம் கொண்டும் தொடக் கூடாத பகுதிகளும் உண்டு. சீட் பெல்ட்டின் நாடா உயிரைத் தாங்கும் இழை. சாயமும் வெளுப்பானும் அதன் வலிமையைக் குறைக்கக்கூடும் என்பதால் கார் உற்பத்தியாளர்கள் தங்கள் கையேடுகளில் அதைத் தடை செய்கிறார்கள். இந்தியாவில் புதிய கார்களில் 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், 2021இலிருந்து முன்பயணிக்கும் கட்டாயமாக்கப்பட்ட காற்றுப்பைகளின் மூடிகளும் அப்படியே. மூடியின் பின்புறம் வேண்டுமென்றே மெலிதாக்கப்பட்ட கோட்டில்தான் அது கண நேரத்தில் கிழிய வேண்டும். மேலே ஏறிய தடித்த பூச்சு சில்லுகளாக உடைந்து முகத்தில் தெறிக்கலாம். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை இருந்தால், அது வெளிவர வேண்டிய தையலின்மேல் நிரப்பியோ தடித்த படலமோ படியக் கூடாது. அத்தகைய இருக்கையை வண்டியிலிருந்து இறக்கும்போது அடியில் காணப்படும் மஞ்சள் நிற மின் இணைப்பான் அந்தக் காற்றுப்பைக்கு உரியது. பேட்டரியைத் துண்டித்து, உற்பத்தியாளர் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பின்பே அதைக் கழற்ற வேண்டும்.

பூச்சு ஒரு மணி நேரத்தில் கைக்கு உலர்ந்துவிட்டாலும் உள்ளுக்குள் முழுமையாக இறுகுவதற்குப் பல நாள்கள் ஆகும். அந்த நாள்களில் புதிய ஜீன்ஸ் அணிந்து அமர்ந்தால், துணியின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் அவுரி நீலம் வெளிர் இருக்கையில் ஏறிவிடும். வேலை முடிந்ததும் மீந்த வண்ணத்தைச் சிறு கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, கலவையின் அளவையும் தேதியையும் அதன்மேல் எழுதி நிழலில் வைத்திருப்பது அனுபவமுள்ள பட்டறைக்காரர்களின் வழக்கம். இரண்டு ஆண்டுகளில் விளிம்புத் திண்டு மறுபடியும் தேயும்போது, அந்த உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் அதே நிறம் வேண்டியிருக்கும்.