சம்பல் சொல்லும் சரித்திரம்

ஒரு நாட்டின் சரித்திரத்தைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடுவோர் அந்நாட்டுக் குசினியை எட்டிப் பார்ப்பது அரிது. பார்ப்பாராயின், 'குசினி' என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது என்பது முதலாக அங்கே அறியத்தக்கவை பல உண்டு. கல்முனைக் கரையில் பிறந்து, பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்து வரும் நான், எங்கள் வீட்டில் அடிக்கடி ஆக்கும் ஓர் உணவைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். வீட்டு அம்மியில் அரைத்த சம்பலிலே பிரட்டி எடுத்த நூடில்ஸ்தான் அது.

இந்தோனேசிய மக்கள் இவ்வுணவை 'மீ கோரெங்' என்பர். 'மீ' தென்சீனத்து ஹொக்கியன் மக்களின் சொல். மாவினால் இழை இழையாகச் செய்த உணவைக் குறிப்பது. 'கோரெங்' மலாய்ச் சொல். எண்ணெயில் வதக்கியது, பொரித்தது என்று பொருள்படும். சீனத்திலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த மீ, ஜாவாவின் சம்பலோடு கூடி, அந்நாட்டு உணவாகவே ஆகிவிட்டது.

'சம்பல்' எங்கள் சொல்லல்லவா என்று வாசகர் கேட்கக்கூடும். என் மாணவரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். காலையில் இடியப்பத்தோடு சம்பல் இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? ஆயினும், அச்சொல் மலாய் மொழிக்கு உரியது. தமிழகத்தார் துவையல் என்றும் சட்டினி என்றும் வழங்க, ஈழத்துத் தமிழர் மட்டும் சம்பல் என்பதேன்? விடை கடல் வழியே வந்தது.

ஒல்லாந்தக் கம்பனியார் 1619இல் ஜாவாவிலே பத்தாவியா நகரை நிறுவினர். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரமும் அவர்கள் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து படைவீரரும் அடிமைகளும் மட்டுமன்றி, கம்பனியை எதிர்த்த அரசரும் அறிஞரும் இங்கு அனுப்பப்பட்டனர். மக்காசரைச் சேர்ந்த மார்க்க அறிஞர் ஷெய்கு யூசுப் 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். பத்தாண்டுகளின் பின் இங்கிருந்தும் பெயர்த்துத் தென்னாபிரிக்காவின் கேப் கரைக்கு அனுப்பப்பட்டார். ஜாவாவின் மன்னர் மூன்றாம் அமங்குராத் 1708இல் சிறைப்பட்டு வந்து, இம்மண்ணிலேயே உயிர் துறந்தார். பின்வந்த ஆங்கிலேயர் மலாயரைத் தனிப் படையாகத் திரட்டினர். அப்படை 1873இல் கலைக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1869இல், 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கொழும்பிலே பாபா யூனுஸ் சல்தீன் தொடங்கியிருந்தார். நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி 'அரபுத் தமிழ்' என்றாற்போல, அப்பத்திரிகையும் மலாயை அரபெழுத்திலேயே அச்சிட்டது.

மலாயர் பெரும்பாலும் கொழும்பு, கண்டி, அம்பாந்தோட்டைப் பகுதிகளிலேயே வாழ்ந்தனர். ஆயினும் அவர்கள் சொற்கள் எங்கள் கரைவரை வந்து சேர்ந்தன. விசேட நாட்களில் நாம் கிண்டும் தொதல் அவர்களது 'டோடோல்'. மருதமுனைத் தறிகளில் நெய்யப்படும் சாறன் அவர்களது 'சாருங்'. கொடுக்கல் ஒருபக்கமாக இருந்ததில்லை. மலாய் அகராதியைப் புரட்டினால், நம்முடைய கப்பல், கடை, அப்பம் ஆகியனவும், பள்ளிவாசலோடு தொடர்புடைய லெப்பை என்பதும் சிறிது உருமாறி அங்கே குடியிருக்கக் காணலாம்.

இனி, செய்முறை. நால்வருக்குப் போதுமான அளவு சொல்கிறேன். 15 செத்தல் மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவிடுக. ஊறாத மிளகாய் அம்மியில் மசியாது. அதனோடு 8 சின்ன வெங்காயம், 4 பல் உள்ளி, உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். ஜாவாவில் இறாலைப் புளிக்கவைத்துச் செய்த 'தெராசி' என்னும் விழுதைச் சேர்ப்பர். நமக்கோ கூனி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி கூனியை வறுத்து இடித்துச் சேர்த்தால் கடல்மணம் குறையாது.

எங்கள் தேங்காய்ச் சம்பல் அடுப்பைக் காணாதது. இதுவோ அடுப்பிலேதான் பக்குவமாகிறது. தாச்சியில் 5 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மெல்லிய நெருப்பில் விழுதைக் கிளறுக. நீர் வற்றி எண்ணெய் பிரிந்து செந்நிறமாகும்வரை பொறுமை வேண்டும். மிளகாயின் நிறமும் உறைப்பும் நீரில் கரைவதினும் எண்ணெயில் நன்கு கரைவன என்பதே இதற்குக் காரணம். சிறிது பனங்கட்டியையும் பழப்புளிக் கரைசலையும் இறுதியிலேயே இடுக; முந்தி இட்டால் இனிப்புக் கருகிக் கசக்கும்.

400 கிராம் நூடில்ஸை முக்கால் பதமாக அவித்து, நீரை நன்றாக வடித்து, சிறிது எண்ணெய் தடவி ஆறவிடுக. பின்னர் நெருப்பைக் கூட்டி, முட்டை, கோவா, கரட் என்பவற்றை வதக்கி, நூடில்ஸையும் மூன்று மேசைக்கரண்டி சம்பலையும் இட்டு விரைவாகப் பிரட்டுக. அனைத்தையும் ஒருங்கே கொட்டினால் தாச்சியின் சூடு தணிந்து, வதங்க வேண்டியது ஆவியில் குழைந்துவிடும். ஆகவே இருமுறையாகச் செய்வது நன்று. இறக்கியபின் தேசிக்காய் பிழிக.

ஒருநாள் நான் அரைத்துக்கொண்டிருக்கையில் என் மகன், "உம்மா, பக்கற்றுக்குள்ளேயே தூள் கிடக்கு. பிறகு என்னத்துக்கு இவ்வளவு நேரம் அரைக்கிறீங்க?" என்றான். "அந்தத் தூள் எந்த ஊர் என்று உனக்குத் தெரியுமா மகன்?" என்றேன். அவன் சிரித்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. ஐரோப்பியர் கொண்டுவரும்வரை ஜாவாவும் அதை அறியாது, நாமும் அறியோம். மீ சீனத்தது. சம்பல் என்னும் பெயர் மலாயருடையது. எல்லாம் பிறர் தந்தவையாயின், எங்களது எது? கூனியைத் தெரிந்தெடுத்த கையும், பதம் அறிந்த நாவும், இவை யாரிடமிருந்து வந்தவை என்ற நினைவுமே எங்களவை. தூளைக் கொட்டுகையில் நேரம் மிச்சமாகிறது, உண்மை. அந்த நினைவு மட்டும் மிஞ்சுவதில்லை.

சம்பலைத் தந்த மக்கள் இன்று இந்நாட்டிலே மிகச் சிறுபான்மையினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அவர்கள் தொகை 40,000க்குச் சற்று மேற்பட்டது. அவர்கள் மொழியோ எங்கள் உறவுக்குச் சான்று. 'சாயா மாக்கான் நாசி' என்பது மலாய் நாட்டு வழக்கு. சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நான் உண்கிறேன் சோறு' என்றாகும். இலங்கை மலாயரோ தமிழோடும் சிங்களத்தோடும் தலைமுறைகளாகப் பழகியதால், நம்மைப்போலவே வினையை இறுதியில் வைத்துப் பேசுகின்றனர். அம்மொழியைப் பேசும் இளையோர் தொகை இன்று குறைந்து வருகிறது.

ஒரு மொழியை நாம் அடுப்படியிலிருந்து காத்துவிட முடியாது. ஆயினும், அது தந்த சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் நாம், அச்சொல் யாருடையது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் ஒரு பாடவேளை பேசலாம். மாணவர்கள் வீட்டில் மூத்தம்மாவிடம் கேட்டு, கடல் கடந்து வந்த சொற்களைப் பட்டியலாக்கலாம். சரித்திரப் பாடத்துக்கு அதனினும் சுவையான பயிற்சி வேறொன்றை நான் அறியேன்.