தோளுக்கேற்ற துப்பாக்கி
அமெரிக்கக் கிராமங்களில் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால், வேட்டைக் குடும்பங்களில் எழும் கேள்வி: எந்த ஷாட்கன்? (இந்தியாவில் 21 வயதாகாமல் துப்பாக்கி வாங்க முடியாது, வேட்டையோ 1972 சட்டத்தோடு ஏறக்குறைய முடிந்த கதை.)

பல அப்பாக்களின் கை முதலில் போவது 410 போரை நோக்கி. மெல்லிய குழல், குறைந்த உதை. சிக்கலும் அங்கேதான். அதன் வழக்கமான தோட்டாவில் ரவை அரை அவுன்ஸ், சுமார் 14 கிராம். பறக்கும் புறாவை அதைக்கொண்டு வீழ்த்தத் தேர்ந்த கையே திணறும். ஒன்றிரண்டு ரவை மட்டும் பட்ட பறவை எங்கோ புதரில் கிடந்து சாகும். பிள்ளைக்கும் மனசு விட்டுப்போகும். 20 கேஜில் சுமார் 25 கிராம் ரவை உண்டு. அனுபவஸ்தர்கள் பலரின் ஓட்டு அதற்கே. ரொம்ப இலேசானதாகவும் கூடாது. ஒரே தோட்டாவுக்கு, எடை குறையக் குறைய உதை கூடும்.

அதைவிட முக்கியம் கட்டையின் நீளம். பெரியவர்களின் துப்பாக்கியில் விசையிலிருந்து கட்டை முனைவரை சுமார் 14 அங்குலம்; சிறுவர் மாடல்களில் 12, 13. நீளம் மிஞ்சினால் பிள்ளை பின்னால் சாய்ந்து, கட்டையை அக்குளில் இடுக்கிக்கொள்ளும். அப்படி ஒருமுறை உதைபட்டால், மறுமுறை கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுக்கும். பக்கத்தில் நிற்பவர் கதி?

மூன்று, ஐந்து தோட்டா கொள்ளும் துப்பாக்கியே வாங்கினாலும், விவரமான அப்பாக்கள் முதல் சீசன் முழுக்கப் போட்டுக் கொடுப்பது ஒரே ஒரு தோட்டாதான்.