இணை நிறுவனங்கள், கூட்டுச் செயற்பாடுகளுக்கான கணக்கியல்

ஒரு நிறுவனம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாமல், அதன் நிதி, செயற்பாட்டு முடிவுகளில் பங்குகொள்ளுமளவு குறிப்பிடத்தக்க செல்வாக்குக் கொண்டிருந்தால், செல்வாக்குக்கு உட்பட்டது இணை நிறுவனம் எனப்படும். 20 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால், மாறாக நிறுவப்படாதவரை, இச்செல்வாக்கு உள்ளதாகக் கருதப்படும்.

பங்குரிமை முறை

பன்னாட்டுக் கணக்கியல் நியமம் 28-இன்படி, இம்முதலீடு முதலில் அடக்கவிலையில் பதியப்படும். பின்னர் இணை நிறுவனத்தின் இலாபத்தில் முதலீட்டாளரின் பங்கு கூட்டப்படும். நட்டத்தில் அவரது பங்கும், பெற்ற பங்கிலாபமும் கழிக்கப்படும்.

எடுத்துக்காட்டாக, 25 சதவீதப் பங்குகள் 10 இலட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டன எனக் கொள்க. இணை நிறுவனம் 4 இலட்சம் இலாபம் ஈட்டி, 2 இலட்சம் பங்கிலாபம் வழங்கினால்:

தொடக்க மதிப்பு: 10,00,000
கூட்டுக, இலாபப் பங்கு: 1,00,000
கழிக்க, பங்கிலாபம்: 50,000
இறுதி மதிப்பு: 10,50,000

முதலீட்டாளரின் இலாபநட்டக் கணக்கில் 1,00,000 ரூபாய் வருமானமாகத் தோன்றினாலும், கைக்கு வந்த பணம் 50,000 மட்டுமே. எனவே இலாபத்தை மட்டும் பார்த்து, கடனடைக்கும் திறனை மதிப்பிடுவது தவறாகும். காசுப்பாய்ச்சல் கூற்றையும் பார்க்க வேண்டும். நட்டங்களால் முதலீட்டின் மதிப்பு சுழியமானால், சட்டப்படியான அல்லது ஏற்றுக்கொண்ட பொறுப்பு இருந்தாலன்றி மேலும் நட்டம் பதியப்படுவதில்லை.

கூட்டுச் செயற்பாடு

பன்னாட்டு நிதி அறிக்கையிடல் நியமம் 11-இன்படி, கூட்டுக் கட்டுப்பாடு கொண்ட தரப்பினருக்குச் சொத்துகளில் நேரடி உரிமையும் கடன்களில் நேரடிப் பொறுப்பும் இருந்தால் அது கூட்டுச் செயற்பாடு. இரு எண்ணெய் நிறுவனங்கள் ஒரு குழாய்வழியை இவ்வாறு நடத்தினால், ஒவ்வொன்றும் சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றில் தன் பங்கைத் தன் ஏடுகளில் நேரடியாகப் பதியும். நிகர சொத்தில் மட்டுமே உரிமை இருந்தால் அது கூட்டு முயற்சி. அதற்குப் பங்குரிமை முறையே பொருந்தும்.